ஞானப்பூ கேட்ட ஊட்டி

ஊட்டிக்கு ஒரு தடவை போய் வரவேண்டும் என்று ஞானப்பூ சொன்ன நாளிலிருந்து யாக்கோபுக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் அதை அடம்பிடித்துச் சொல்லவில்லை. மத்தியானம் அவனுக்குச் சோற்றைப் போட்டு, மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். பெரியப்பா மகள் எலிசபெத் அங்கேதான் வாக்கப்பட்டிருக்கிறாள், அவள் புருஷன் ஒரு துரை பங்களாவில் சமையல் வேலை பார்க்கிறான், பின்கட்டில் ஒரு அறை ஒழித்துத் தருவார்கள், சித்திரைக் கடைசியில் போனால் நன்றாக இருக்கும் என்றாள். சொல்லிவிட்டு மோர்ச்சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மதுரைக்குப் போய் ஒரு சேலை எடுக்கவேண்டும் என்றுகூடக் கேட்டவளில்லை.

யாக்கோபு அருப்புக்கோட்டையில் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் சோடாக் கம்பெனி வைத்திருந்தான். கம்பெனி என்றால் ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றுகிற மிஷின் ஒன்று, பாட்டில் கழுவ ஒச்சம்மாள். அவ்வளவுதான். மாசி கழிந்து கண்மாய் எல்லாம் வெடித்துக் கிடக்கிற நாளில்தான் அந்தச் சீமையில் சோடா விற்கும். கோடையில் சம்பாதித்ததை வைத்துத்தான் மழைக்காலத்தை ஓட்டவேண்டும். இது ஞானப்பூவுக்குத் தெரியாததா? ஐப்பசியில் போகலாம் என்று சொல்லியிருந்தால் அவன் சந்தேகப்பட்டிருக்க மாட்டான். வியாபாரம் கொழுத்துக் கிடக்கிற சித்திரையைப் பார்த்துச் சொல்கிறாள். சித்திரையில் ஊட்டியில் என்ன நடக்கும் என்று யாக்கோபுக்குத் தெரியும். குதிரைப் பந்தயம் நடக்கும்.

அவன் ஊட்டியைப் பார்த்ததில்லை. ஆனால் சீட்டாடுகிற இடத்தில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு அந்த ஊர் நேரில் பார்த்தது மாதிரிதான். விருதுநகர்ப் பஞ்சு வியாபாரிகள் சிலர் வருஷம் தவறாமல் கோடைக்கு அங்கே போவார்கள். திரும்பி வந்து சொல்லுகிற கதையில் குளிரும் மலையும் கொஞ்சந்தான் இருக்கும், மற்றதெல்லாம் குதிரை. யாக்கோபு அதையெல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டிருக்கிறான்.

அது பழைய கதை. ஜப்பான்காரன் சண்டை மும்முரமாக இருந்த வருஷத்தோடு அவன் சீட்டை விட்டுவிட்டான். விட்டது சும்மா விட்டதல்ல. ஞானப்பூவின் அய்யா திருச்சுழியில் காலையில் இறந்துபோனார். யாக்கோபு அன்றைக்கு விருதுநகரில் ஒரு பஞ்சுக் கிட்டங்கியில் ஆட்டத்தில் இருந்தான். செய்தி கொண்டுபோன ஆள் பக்கத்தில் நின்று இரண்டு தடவை சொன்னான். யாக்கோபு தலையை ஆட்டினான். எழுந்திருக்கவில்லை. மூத்த மருமகன் வரட்டும் என்று பெட்டியை மூடாமல் சாயங்காலம் வரைக்கும் வைத்திருந்து பார்த்துவிட்டு, பொழுது இறங்குகிற நேரத்தில் அவனில்லாமலே அடக்கம் செய்தார்கள். மறுநாள் மத்தியானம் போய் நின்றவனைப் பார்த்து யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபைக்கு முன்னால் முழங்காலில் நின்று, இனிச் சீட்டையும் பந்தயத்தையும் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினான். இன்றுவரைக்கும் தொடவில்லை.

ஞானப்பூ அழவுமில்லை, ஏசவுமில்லை. அதைப் பற்றி ஒரு நாளும் ஒரு பேச்சு எடுத்ததில்லை. ஆனால் சோடாக் கொட்டகையில் இரண்டு பேர் சேர்ந்தாற்போல் உட்கார்ந்துவிட்டால் அவள் ஏதாவது ஒரு சாக்கில் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள். அவனைக் காவல் காக்கிற கண் அது. அப்படிப்பட்டவள், பந்தயம் நடக்கிற ஊருக்கு, பந்தயம் நடக்கிற மாதத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றால் அதற்கு என்ன அர்த்தம்?

அவன் மெல்ல நூல் விட்டுப் பார்த்தான். குளிர்ச்சியான ஊருக்குத்தான் போகவேண்டுமென்றால் கொடைக்கானல் இருக்கிறதே, பக்கம், பாதிரிமாரெல்லாம் கோடைக்கு அங்கேதானே போகிறார்கள், நம் சபை ஆட்களுக்கு அங்கே தங்க இடமும் கிடைக்குமே என்றான்.

"கொடைக்கானல் வேணாம். ஊட்டிதான்" என்றாள் ஞானப்பூ.

மகள் ரூத் மதுரையில் போர்டிங்கில் படித்தாள். கோடை லீவுக்கு வருகிற பிள்ளையையும் கூட்டிப் போகலாம் என்றான் அடுத்து. பிள்ளை திருச்சுழியில் மாமா வீட்டில் இருக்கட்டும் என்று அதையும் தட்டிவிட்டாள். போய்ச் சேருகிற நாள் சனிக்கிழமைக்கு முந்தி இருக்கவேண்டும் என்றாள்.  பந்தயம் ஓடுகிற கிழமை அது.

இது பரீட்சை என்று முடிவு கட்டிவிட்டான். அண்ணனும் தங்கையும் சேர்ந்து போட்ட திட்டம். திருச்சுழிப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிற தாவீதுராஜ், ஞானப்பூவின் அண்ணன், அய்யாவைப் புதைத்த நாளிலிருந்து யாக்கோபை நம்பினவரில்லை. மாப்பிள்ளையைக் குதிரைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்து, கை நீளுகிறதா பார்ப்போம் என்று சொல்லியிருப்பார். கை நீண்டால் தங்கையையும் பிள்ளையையும் திருச்சுழிக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிள்ளையை முன்கூட்டியே மாமா வீட்டில் விடச் சொல்வதும் அதற்குத்தான்.

ஒரு சந்தேகம் வந்துவிட்டால் பார்க்கிறதெல்லாம் அதற்குச் சாட்சி சொல்ல ஆரம்பித்துவிடும். அது ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் போதகர், பிசாசு ஆண்டவரை உயரமான மலைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சோதித்ததைச் சொன்னார். வருஷா வருஷம் அந்த நாட்களில் சொல்லுகிறதுதான். யாக்கோபு கழுத்தெல்லாம் வேர்த்து உட்கார்ந்திருந்தான். போதகரும் கூட்டில் இருக்கிறாரா என்று யோசித்தான். திரும்பிப் பார்த்தால் பெண்கள் பக்கத்தில் ஞானப்பூ தலையில் முக்காட்டோடு, கண்ணை மூடி அமைதியாக இருந்தாள். அந்த அமைதிதான் அவனை இன்னும் பயமுறுத்தியது.

இதற்கிடையில் தாவீதுராஜ் ஒரு நாள் பஸ்ஸில் வந்து இறங்கினார். எதற்கு வந்தார் என்று சொல்லவில்லை. அரிசி ரேஷனைப் பற்றிப் பேசினார், பள்ளிக்கூடத்து ஓட்டைப் பற்றிப் பேசினார். நடுவில் சட்டென்று, "ஊட்டிக்குப் போறீகளாமே மாப்ள" என்றார். அவள் ஆசைப்படுகிறாள் என்றான் யாக்கோபு. "அவ ஆசைப்படுறா?" என்று கேட்டு, அவன் முகத்தை மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போனார்.

கடைசி அடி ஒச்சம்மாள் வாயிலிருந்து விழுந்தது. பாட்டிலைக் கழுவிக்கொண்டே, நேற்று நீங்கள் சரக்கு எடுக்கப் போயிருந்தபோது நரிக்குடிக்காரர் வந்தாரே, அம்மா மோர் கொடுத்து ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்களே என்றாள்.

நரிக்குடிக்காரர் என்றால் கோட்டைச்சாமி. யாக்கோபோடு ஒரே பாயில் உட்கார்ந்து ஆடினவன். அன்றைக்கு விருதுநகர்க் கிட்டங்கியில் எதிரே இருந்தவனும் அவன்தான். அந்த ஆளின் நிழல் இந்த வாசலில் விழக்கூடாது என்று ஞானப்பூ சொல்லி வைத்திருந்தாள். இத்தனை வருஷமாக அவனும் வந்ததில்லை. இப்போது அவளே உட்காரவைத்து மோர் கொடுத்திருக்கிறாள்.

யாக்கோபு மிஷினை ஒச்சம்மாளிடம் விட்டுவிட்டுப் பஞ்சுப்பேட்டைக்கு நடந்தான். கோட்டைச்சாமி பருத்தி லோடை இறக்கிவிட்டு வண்டிக்கு அடியில் நிழலில் உட்கார்ந்திருந்தான்.

"ஏலே, எங்க வீட்ல உனக்கு என்ன சோலி?"

"தங்கச்சி வரச்சொல்லி ஆள் விட்டுச்சு. வந்தேன்."

"என்ன கேட்டா?"

 யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகக் கோட்டைச்சாமி சொன்னான். நானும் நீயும் எத்தனை வருஷப் பழக்கம் என்று யாக்கோபு கெஞ்சினான். அதற்கும் அவன் அசையவில்லை. எழுந்து மாட்டைப் பூட்டிக்கொண்டே, "அது உன்னையத்தான் கேக்கணும். உன்னைய கேக்க முடியாம என்னைய கேட்டுச்சு. அம்புட்டுத்தான்" என்றான்.

அதற்குமேல் யாக்கோபால் பொறுக்க முடியவில்லை. மறுநாளே திருச்சுழிக்குப் பஸ் ஏறினான். பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரியை எரித்துக் கரிவாயுவில் ஓடுகிற பஸ் அது. வழியில் நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள், பேசவேண்டியதையெல்லாம் பல தடவை மனசுக்குள் பேசிப் பார்த்துவிட்டான். தாவீதுராஜ் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நேராகவே கேட்டான். உங்கள் தங்கச்சியை வைத்து எனக்குப் பரீட்சை வைக்கிறீர்களா, நான் சத்தியம் பண்ணினது போதாதா, அந்த மலை ஏறித்தான் நிரூபிக்கவேண்டுமா என்றான்.

தாவீதுராஜ் அவனை விழித்துப் பார்த்தார். பிறகு அவர் சொன்னது யாக்கோபு எதிர்பார்க்காதது. ஊட்டிக்குப் போகவேண்டும் என்பது யாக்கோபின் வேலை என்றே அவர் நினைத்துக்கொண்டிருந்தாராம். பழைய நமைச்சல் திரும்பிவிட்டது, குடும்பத்தோடு போனால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள் என்று என் தங்கச்சியைத் துணைக்கு இழுத்துக்கொண்டு போகிறான், கேட்டால் அவள் ஆசைப்படுகிறாள் என்கிறான் என்று ஊரில் இரண்டு பேரிடம் சொல்லியும் வைத்திருக்கிறார். போதகரிடமும் சொல்லியிருக்கிறார்.  ஒருவர் சொன்னதை மற்றவர் முழுக்க நம்பவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

யாக்கோபு ஊர் திரும்பினபோது ஞானப்பூ வாசலில் வற்றலைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தாள். அவன் எங்கே போய்விட்டு வருகிறான் என்று கேட்கவில்லை. அவனாகவே சொன்னான். உங்கள் அண்ணனைப் போய்ப் பார்த்தேன், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, கோட்டைச்சாமியும் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான், எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருக்கிறது, என்னதான் வேண்டும் உனக்கு என்றான்.

அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"கோட்டைச்சாமி அண்ணன்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன். எங்க அய்யா செத்துப்போன சேதி வந்தப்ப, இவுக முகம் எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்."

யாக்கோபு திண்ணை ஓரத்தில் உட்கார்ந்தான்.

"அந்த முகத்துல ஆளே இல்ல தங்கச்சின்னாரு" என்றாள். "நான் அன்னைக்குப் பொழுதோட பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து வழியப் பாத்தேன். எங்க அய்யாவ விட, என்னைய விட அங்க என்ன இருந்துச்சுன்னு இந்நாள் வரைக்கும் எனக்குப் பிடிபடல. சீட்டு நம்ம ஊருல ஆம்பளைக உக்காந்து ஆடுறது, அங்க நான் போக முடியாது. குதிரை ஓடுற எடத்துக்குப் பொம்பளைகளும் போறாகன்னு எலிசபெத்து சொன்னா. எனக்கு ஒரு தடவை போய்ப் பாக்கணும். நான் வெளையாடிப் பாக்கணும். நீங்க தொட வேணாம், சத்தியம் பண்ணியிருக்கீக. கூட வந்து நின்னாப் போதும்."

அவனுக்கு முதலில் கோபந்தான் வந்தது. இத்தனை நாள் தூக்கமில்லாமல் கிடந்தது இதற்கா என்று இருந்தது. பிறகு, இதுவும் பரீட்சையின் ஒரு பகுதியாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு வந்தது. அதையும் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சினது பயம். எனக்குப் பயமாக இருக்கிறது என்று வாயை விட்டே சொன்னான். அவள் சுளகை மறுபடி எடுத்தாள். வற்றலை அள்ளி முடித்தாள்.

சித்திரைக் கடைசியில் கிளம்பினார்கள். ரூத் திருச்சுழியில் இருந்தாள். கம்பெனியை ஒச்சம்மாளும் அவள் தம்பியும் பார்த்துக்கொண்டார்கள். மதுரையில் ரயிலேறி, திண்டுக்கல், பொள்ளாச்சி வழியாகப் போத்தனூர் போய், மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் பிடித்தார்கள். வழி நெடுகிலும் யாக்கோபு அவள் முகத்தைத் திருட்டுத்தனமாகப் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவ்வளவு தண்ணீர் பாறையில் சும்மா வழிந்து போகிறதே என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். எலிசபெத் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனாள். பின்கட்டு அறையில் இரண்டு கம்பளியைப் போர்த்தியும் நடுக்கம் நிற்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் எலிசபெத்தின் பழைய ஸ்வெட்டரைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு ஞானப்பூ கிளம்பினாள். பந்தய மைதானம் ஊருக்கு நடுவில், பள்ளத்தில் கிடந்தது. சுற்றிலும் மேட்டு ரோட்டில் சனங்கள் நின்று இலவசமாக வேடிக்கை பார்த்தார்கள். இவர்கள் மலிவான டிக்கெட் எடுத்து உள்ளே போனார்கள். எந்த ஜன்னலில் பணம் கட்டவேண்டும், எப்படிச் சொல்லவேண்டும் என்று அவள் கிளம்புவதற்கு முந்தி மறுபடியும் கோட்டைச்சாமியிடம் விசாரித்து வந்திருந்தாள். கோழி விற்றுச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். யாக்கோபு இரண்டு கையையும் கம்பளிக்குள் விட்டுக்கொண்டு, புகையிலையை விட்டவன் புகையிலைக் கடையைக் கடக்கிற மாதிரி எங்கேயும் பார்க்காமல் நின்றான்.

நெற்றியில் வெள்ளை விழுந்த ஒரு செம்பட்டைக் குதிரையை அவள் தேர்ந்தெடுத்துப் பணம் கட்டினாள். அது முதலில் வந்தது. கூட்டம் கத்தினது. ஞானப்பூ கத்தவில்லை. பந்தயச் சீட்டைக் காட்டிப் பணத்தை வாங்கி வந்து, அதை அப்படியே அடுத்ததில் கட்டினாள். அந்தக் குதிரை கடைசிக்கு முந்தினதாக வந்தது. அவள் மறுபடியும் ஜன்னலுக்குப் போனாள். அதுவும் போயிற்று.

போதும், வா என்றான் யாக்கோபு. அவளுக்குக் காது கேட்கவில்லை. ஏய், ஞானப்பூ என்றான். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவள் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. கண் மைதானத்தில் இருந்தது. அவன் முன்னால் போய் நின்று அவள் முகத்தைப் பார்த்தான். அவளைப் பதினாறு வயசிலிருந்து அவனுக்குத் தெரியும். அவள் அழுது பார்த்திருக்கிறான், பிரசவத்தில் துடித்துப் பார்த்திருக்கிறான். இந்த முகத்தை அவன் பார்த்ததில்லை. அந்த இடத்தில் நின்றுதான், செய்தி கொண்டுவந்த ஆள் தன்னை எப்படிப் பார்த்திருப்பான் என்பது அவனுக்குத் தெரிந்தது.

"இன்னும் ஒண்ணு" என்றாள் அவள்.

அவள் முந்தானையில் கொஞ்சந்தான் மிச்சம் இருந்தது. யாக்கோபு கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். அவள் உதறினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு துரைசாணிகூடப் பார்த்தாள். அவன் விடவில்லை. கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே, மேட்டு ரோட்டில் ஏறுகிறவரைக்கும் பிடித்த பிடியோடு இழுத்துக்கொண்டு போனான்.

ரோட்டோரத்துக் கல்லில் அவள் உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. கீழே அடுத்த ஓட்டத்துக்குச் சத்தம் எழும்பியது. எழுந்து பார்க்கப் போனவள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு கேட்டாள்.

"அன்னைக்கு உங்க கையப் புடிச்சு யாரும் இழுக்கலையா?"

"இல்ல."

 அவள் மணிக்கட்டில் அவன் பிடித்த இடம் சிவந்திருந்தது. அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். மன்னித்துவிட்டேன் என்று அவள் சொல்லவில்லை. அவனும் அதை எதிர்பார்த்து நிற்கவில்லை. அறைக்குத் திரும்புகிற வழியில் அவள் ஊருக்குப் போய்விடலாம் என்றாள். பத்து நாள் இருப்பதாகத்தானே திட்டம் என்று அவன் ஞாபகப்படுத்தினான்.

"அடுத்த சனிக்கிழமை வரைக்கும் இங்க இருந்தா நான் மறுபடியும் போவேன். திங்கக்கிழமை கிளம்பிருவோம்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை எலிசபெத்தோடு வேதக்கோயிலுக்குப் போனார்கள். சாயங்காலம் ஏரிக்கரையில் நடந்தார்கள். கல்யாணமாகி அவர்கள் எடுத்த முதல் விடுமுறை என்று பார்த்தால் அந்த ஒரு சாயங்காலந்தான். திங்கட்கிழமை மலை இறங்கினார்கள். மேட்டுப்பாளையத்தில் வெயில் முகத்தில் அறைந்தபோது, ஞானப்பூ ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அவன் தோளில் சாய்ந்து தூங்கினாள்.

சீக்கிரமே திரும்பிவிட்டார்கள் என்று தெரிந்ததும் தாவீதுராஜ் ரூத்தைக் கூட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வந்தார். சீக்கிரம் திரும்பினால் கையில் இருந்ததெல்லாம் போய்விட்டது என்றுதானே அர்த்தம். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, பந்தயத்துக்குப் போனீர்களா என்றார். போனோம் என்றாள் ஞானப்பூ.

அவர் யாக்கோபு பக்கம் திரும்பினார். அவன் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"இவுகளப் பாக்காதீக அண்ணே. வெளையாண்டது நான். இவுகதான் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்தாக."

அய்யாவைப் புதைத்த நாளிலிருந்து அவள் தன் வீட்டு ஆட்களுக்கு முன்னால் அவனுக்காகப் பேசினது அதுதான் முதல் தடவை. யாக்கோபு குனிந்து கயிற்றுக் கட்டிலின் சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தாவீதுராஜ் நம்பவில்லை. தங்கச்சியை ஒரு தடவை, மாப்பிள்ளையை ஒரு தடவை பார்த்தார். புருஷன் மானத்தைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. அவளும் சத்தியம் பண்ணி நம்பவைக்கப் பார்க்கவில்லை. ஊட்டியிலிருந்து கொண்டுவந்த நீலகிரித் தைலம் ஒரு புட்டியை அவர் கையில் கொடுத்தாள். அவர் மூடியைத் திறந்து இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் பையில் வைத்துக்கொண்டார்.